விழித்திரை ஆய்வில் மரபணு மாற்றிய சுண்டெலிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரம்பரை விழித்திரைச் சிதைவை ஆராய மரபணு மாற்றிய சுண்டெலிகளை நாடுவோர் செய்யும் மிகப் பெரிய தவறு, மரபணுவில் கை வைப்பதற்கு முன்பே, எலிக்குலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. கோலாலம்பூரில் முதுகலை ஆய்வைத் தொடங்கும் ஒரு மாணவர், எலி வரவழைக்கும் படிவத்தில் வெறுமனே ‘பிளாக் 6’ (சி57பிஎல்/6 குலத்தின் வழக்குப் பெயர்) என்று எழுதிவிட்டால், எந்தக் கிளைக்குலம் என்ற கேள்வி அங்கேயே விடுபட்டுப் போகிறது. சி57பிஎல்/6என் கிளைக்குலத்தின் சிஆர்பி1 மரபணுவில் விழித்திரையைப் பாதிக்கும் ஆர்டி8 என்னும் திரிபு ஏற்கெனவே உண்டு; சி57பிஎல்/6ஜே கிளைக்குலத்தில் அது இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு எலிதான். அத்திரிபின் இரு படிகளையும் பெற்ற எலியின் கண்ணடியை, அதாவது கண்ணின் உட்பின்புறத்தைப் படமெடுத்தால், பெரும்பாலும் கீழ்ப்பாதியில் வெண்புள்ளிகள் தெரியும். அவற்றைத் தாம் நீக்கிய மரபணுவின் விளைவாகக் கருதி ஓர் ஆய்வேட்டையே எழுதி முடித்துவிடலாம். விற்பனைக்கு வரும் எலிகளிலும் கருமூல உயிரணுக்களிலும் இத்திரிபு பரவியிருப்பது 2012இல் விரிவாக வெளிவந்தது.

எஃப்விபி/என் குலத்தின் நிலை இன்னும் மோசம். கருவில் மரபணுவைச் செலுத்த வசதியானது என்பதால் பலரும் விரும்பும் இக்குலம் விழித்திரையைச் சிதைக்கும் ஆர்டி1 திரிபைச் சுமக்கிறது. குட்டி பால் மறக்கும் பருவத்திலேயே, மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் உயிரணுக்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. சி3எச் குலத்திலும் இதே கதைதான். ஆகவே, இனக்கலப்பைத் தொடங்குமுன் பெற்றோர் எலிகளின் காதுத் துணுக்கை எடுத்து ஆர்டி1, ஆர்டி8 இரண்டுக்கும் பிசிஆர் (டிஎன்ஏ பகுதியைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனை செய்வதும், ஒரே ஈற்றில் பிறந்த, மாற்றம் பெறாத குட்டிகளையே ஒப்பீட்டுக்கு வைப்பதும் கட்டாயம். ஆகும் செலவு சொற்பம் என்பதால், இதைத் தவிர்ப்பதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

வெளிச்சத்தையும் பலர் பொருட்படுத்துவதில்லை. பார்வைக்குத் தேவையான ஆர்பிஇ65 புரதத்தின் 450ஆம் இடத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் உள்ள எலிகள், அங்கே மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் உள்ள பிளாக் 6 எலிகளைவிட ஒளியால் எளிதில் பாதிக்கப்படுகின்றன. ஆர்டி10 என்னும் விழித்திரைச் சிதைவுத் திரிபுள்ள எலிகளை இருட்டில் வளர்த்தால் சிதைவு தாமதமாகிறது. விளக்குக்கு அருகே, அடுக்கின் மேல்தட்டில் உள்ள கூண்டும் அடித்தட்டுக் கூண்டும் ஒன்றல்ல என்பதால், கூண்டின் இடத்தைக் குறித்து வைப்பதும் முறையாக இடம் மாற்றுவதும் நல்லது.

ஒளிக்கு விழித்திரை காட்டும் மின் எதிர்வினையைப் பதியும் மின்விழித்திரை வரைவில் வேறொரு சிக்கல் எழுகிறது. இரவு முழுவதும் இருட்டில் பழக்கிய எலியின் முன் கைப்பேசித் திரை ஒருமுறை ஒளிர்ந்தாலே கோல் உயிரணுக்களின் உணர்திறன் குறைந்துவிடும். நம்மூர் ஆய்வகங்களில் ஏர்கோன் குளிர் கடுமை. மயக்க மருந்து செலுத்திய எலியை வெப்பத் தட்டில் கிடத்தாவிட்டால் உடல் குளிர்ந்து, பதிவாகும் மின் அலையின் வீச்சு சுருங்கும், கண்வில்லையும் தற்காலிகமாக மங்கும். நோயில்லாத எலியே நோயாளியாகத் தோன்றும்.

எலிக்கு மஞ்சள் புள்ளி (மனித விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் நடுப்பகுதி) கிடையாது; அதன் ஒளி உணரும் உயிரணுக்களில், பகல் ஒளியிலும் நிறங்களையும் காண உதவும் கூம்புகள் சுமார் 3 விழுக்காடுதான். ஏபிசிஏ4 மரபணுவை நீக்கிய எலியில் லிப்போஃபுசின் என்னும் கழிவு நிறமி சேர்ந்தாலும், அதே மரபணுக் கோளாறால் மஞ்சள் புள்ளி சிதையும் ஸ்டார்கார்ட் நோயாளியிடம் காணும் அளவுக்குச் சிதைவு நேர்வதில்லை. எனவே, எலியின் கண் தாங்கிக்கொண்டது என்பதைக் காட்டி, மனிதருக்கு அந்த மரபணுவால் தீங்கில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

இறுதியாக எண்ணிக்கை: ஓர் எலியின் இரு கண்களும் ஒரே மரபணுத் தொகுதியையும் ஒரே கூண்டையும் பகிர்பவை. புள்ளியியல் கணக்கில் அவற்றை இரு தனி மாதிரிகளாக எண்ணாமல், இரண்டின் சராசரியை எடுக்கலாம், அல்லது எந்தக் கண் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடலாம்.