ஆய்வேடு முடியும் முன்பே வேலை தேடுகிறீர்களா? டர்பனில் திரும்பத் திரும்பக் காணும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் நம்மவர்களில் இரண்டு வகை உண்டு. இந்தியர்கள் அதிகம் வாழும் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிறந்து வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாக இந்தப் படிப்பு வரை வந்தவர்கள் ஒரு வகை. மதுரை, திருநெல்வேலி பக்கமிருந்து வந்து குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆய்வு செய்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், தீசிஸை முடிச்சிட்டு வேலை தேடணுமா, இப்பவே ஆரம்பிக்கணுமா?"

இப்போதே ஆரம்பிக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கும்போது மனசு சங்கடப்படும். நல்ல ஆய்வு, நல்ல மூளை, ஆனால் நாள்கணக்கைத் தப்பாகப் போட்டதால் பெயர் பட்டியலிலிருந்து கழிந்துபோகும். அப்படிக் கழிந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"முடியும் தறுவாயில்" என்று எழுதுவது

விரிவுரையாளர் வேலைக்கான விளம்பரத்தில் குறைந்தபட்சத் தகுதி என்று ஒரு பகுதி இருக்கும். அதில் "முனைவர் பட்டம்" என்று மட்டும் போட்டிருந்தால் ஒரு பொருள். "முனைவர் பட்டம் அல்லது தேர்வுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடு" என்று இருந்தால் வேறு பொருள். குழு முதலில் செய்வது இந்த வரியை வைத்து ஒவ்வொரு பெயருக்கும் ஆம், இல்லை என்று குறிப்பதுதான். தொழிற்சங்கத்தின் சார்பிலும் வேலைவாய்ப்புச் சமத்துவத்தின் சார்பிலும் பார்வையாளர்கள் பக்கத்தில் இருப்பார்கள். "பையன் கெட்டிக்காரன், எப்படியும் முடிச்சிடுவான்" என்று யாரும் அங்கே பரிந்து பேச முடியாது.

அதனால் "முடியும் தறுவாயில் உள்ளது" என்ற வாசகம் உங்களுக்கு எந்த நன்மையும் செய்யாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "ஆறு அத்தியாயங்களில் ஐந்து நெறியாளரின் ஒப்புதல் பெற்றுவிட்டன. சமர்ப்பிக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் படிவம் ஆகஸ்டில் ஏற்கப்பட்டது. நவம்பர் இறுதியில் சமர்ப்பிக்கிறேன். நெறியாளரின் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது." இப்படி எழுதியிருந்தால் குழு ஒரு முடிவுக்கு வர முடியும். அந்தக் கடிதம் நெறியாளரிடமிருந்து பல்கலைக்கழகத்தின் கடிதத்தாளில், தேதியோடு வர வேண்டும். சமர்ப்பித்துவிட்டால், நெறியாளர் கடிதத்தோடு நில்லாமல், பதிவாளர் பிரிவிலிருந்து அத்தாட்சி வாங்கி இணையுங்கள்.

இங்கே ஆய்வேட்டுத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதையே பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் வைவாவே கிடையாது. சில புலங்களில் மட்டும் உண்டு. ஆய்வேடு பெரும்பாலும் மூன்று தேர்வாளர்களுக்குப் போகும். அவர்கள் எழுதி அனுப்பும் அறிக்கையை வைத்துத்தான் முடிவு. திருத்தம் எதுவுமின்றித் தேறுவது அபூர்வம்; சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுபடி சமர்ப்பித்தல் என்று படிகள் உண்டு. தேர்வாளருக்குக் கொடுக்கும் கெடு சில வாரங்கள்தான். ஆனால் அவரும் நம்மைப் போல வேலை தலைக்கு மேல் இருக்கும் ஒரு பேராசிரியர். மூவரில் இருவர் அறிக்கை வந்து, மூன்றாமவருக்காகக் காத்திருந்தே மாதங்கள் ஓடும். சமர்ப்பித்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் முடிவு வந்தால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள். ஆறு மாதம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. சமர்ப்பிப்பதற்குச் சில மாதம் முன்பே அந்த எண்ணத்தைத் தெரிவிக்கும் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகுதான் தேர்வாளர்களைத் தேடி நியமிக்கும் வேலையே தொடங்கும். கடைசி அத்தியாயம் எழுதி முடித்த பிறகு இந்தப் படிவத்தைத் தேடிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வேடு தயார், அனுப்ப ஆள் இல்லை. வேலை தேடும் ஆண்டில் இப்படி இழக்கும் இரண்டு மாதம் ஒரு முழு நியமன ஆண்டையே தின்றுவிடும்.

ஏனென்றால் இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. ஜனவரியில் சேர வேண்டிய பல வேலைகளுக்கு முந்தைய ஆண்டின் நடுவிலிருந்தே விளம்பரம் வரத் தொடங்கும். நம் வீடுகளில் புரட்டாசி விரதம் நடக்கும் நேரத்தில் பல வேலைகளுக்குக் கடைசித் தேதி வந்துவிடுகிறது. டிசம்பர் நடுவில் அலுவலகங்கள் மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். "நவம்பரில் சமர்ப்பித்துவிட்டு டிசம்பரில் நிதானமாகத் தேடலாம்" என்ற திட்டம் இந்த நாட்டின் காலண்டருக்குப் பொருந்தாது.

ஒப்பந்த வகுப்புகளை அள்ளிப் போட்டுக்கொள்வது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். உதவித்தொகை மூன்றாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. வீட்டில் செலவு இருக்கிறது. துறைத்தலைவர் கூப்பிட்டு, "ஒரு செமஸ்டர் முதலாண்டு வகுப்பை எடுத்துக்கொள்" என்கிறார். கற்பித்த அனுபவமும் கிடைக்கும், கையில் காசும் வரும் என்று ஒத்துக்கொள்கிறார்கள். முதலாண்டு வகுப்பு என்றால் சில நூறு பேர். இரண்டு உள்தேர்வு, ஒரு கட்டுரை, ஜூனில் பெரிய தேர்வு. ஒரு விடைத்தாளுக்கு இருபது நிமிடம் என்றால் 300 தாளுக்கு 100 மணி நேரம். அது ஒரே ஒரு தேர்வுக்கு. அந்த 100 மணி நேரத்தில் ஓர் அத்தியாயத்தின் திருத்தம் முடிந்திருக்கும்.

ஒரு செமஸ்டர் வகுப்பு எடுத்தால் தன்விவரத்தில் ஒரு வரி. நான்கு செமஸ்டர் எடுத்தாலும் ஏறக்குறைய அதே ஒரு வரிதான். ஆனால் ஆய்வேடு இரண்டு ஆண்டு பின்தங்கிவிடும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர்களை நிரந்தர வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போவார்கள். எடுப்பதானால் ஒரே ஒரு செமஸ்டர் எடுங்கள். பாடத்திட்டம், மாணவர் மதிப்பீடு, மூத்தவர் ஒருவர் வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு நேர்காணலில் பேசும்.

பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்குத்தான் வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேச வேண்டும். "இன்னும் எட்டு மாசம், அத்தை, அதுக்கப்புறம் நான் பார்த்துக்கறேன்" என்று தேதியோடு சொன்னால் நம் குடும்பங்கள் தாங்கும். தேதி சொல்லாமல் "சீக்கிரம் முடியும்" என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லும்போதுதான் அவர்களுக்கும் பொறுமை போகிறது.

அவசரத்தில் எங்கேயாவது கட்டுரை போடுவது

"இரண்டே வாரத்தில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வரும். விண்ணப்பத்தில் ஒரு கட்டுரையாவது இருக்கட்டுமே என்ற பதற்றத்தில் பணம் கட்டிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் இது சாதாரண விஷயம் அல்ல. உயர்கல்வித் துறை அங்கீகரித்த பட்டியல்களில் உள்ள இதழ்களில் வரும் கட்டுரைகளுக்குத்தான் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் கிடைக்கும். போலி இதழ்கள் அந்தப் பட்டியலுக்குள்ளும் நுழைந்திருந்தன: 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்க ஆசிரியர்களின் 4,246 கட்டுரைகள் சந்தேகத்துக்குரிய இதழ்களில் வந்ததாக 2017-இல் ஸ்டெலன்போஷ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் பிறகு குழுக்கள் இதழின் பெயரை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டன. போலி இதழில் வந்த கட்டுரை ஒன்று, நல்ல இதழில் வந்த கட்டுரையின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும். நல்ல இதழுக்கு அனுப்பி, "மதிப்பீட்டில் உள்ளது" என்று அனுப்பிய தேதியோடு எழுதுவது எவ்வளவோ மேல்.

டர்பனைத் தாண்ட மறுப்பது

இதைக் கண்டிக்க எனக்கு மனம் வராது, ஏனென்றால் இதன் வேர் எனக்குத் தெரியும். ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்ற பகுதியில் இந்தியர் குடியேறக் கூடாது என்று 1891-இல் போட்ட சட்டம் 1980-களின் நடுப்பகுதி வரை நின்றது. 1961-இல் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் கல்லூரி தொடங்கினார்கள்; அதுதான் பிறகு வெஸ்ட்வில்லுக்குப் போய், 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. எங்கே படிக்கலாம், எங்கே வாழலாம் என்பதைப் பிறர் தீர்மானித்த குடும்பங்கள், பிள்ளை அந்தப் பகுதியிலுள்ள ப்ளூம்ஃபோன்டைனுக்கோ, தொலைவிலுள்ள கிம்பர்லிக்கோ போகிறேன் என்றால் கலங்கத்தான் செய்யும்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நாட்டில் 26 அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். உங்கள் துறையில் அங்கே ஆண்டுக்கு ஓர் இடம் திறந்தாலே பெரிது. கிம்பர்லியின் சோல் பிளாட்டியே பல்கலைக்கழகமும் புமலங்கா பல்கலைக்கழகமும் 2014-இல்தான் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின. வளர்ந்துவரும் இடங்களில் இளையவர்களுக்கு வாய்ப்பு அதிகம். சில ஆண்டு வெளியே இருந்துவிட்டு, முதுநிலை விரிவுரையாளராக டர்பன் திரும்பியவர்களும் உண்டு.

"நாங்க இந்தியர், எங்களுக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விடுவதும் இதோடு சேர்ந்ததுதான். 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம், கறுப்பினத்தவர் என்பதில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் சேர்க்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்தச் சட்டத்தில் தனியாக இடம் உண்டு. ஒவ்வொரு துறையின் இலக்கும் வேறுபடும், சில இடங்களில் நமக்குப் பாதகமாகவும் இருக்கும். அதைக் குழு தீர்மானிக்கட்டும். நீங்களே உங்கள் பெயரை அடிக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நிலைமை வேறு. அந்தச் சட்டம் தரும் முன்னுரிமை குடிமக்களுக்கானது. நிரந்தர வேலையில் குடிமக்களுக்கு முன்னுரிமை இருக்கும். போஸ்ட்டாக் எனப்படும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வாய்ப்புகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகத் திறந்திருக்கின்றன. இந்தியாவில் வாங்கிய பட்டங்களைச் சாக்வா என்ற தேசியத் தகுதி ஆணையத்திடம் கொடுத்து மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு இதற்கு அலைந்தால் விசாவும் சேர்ந்து தாமதமாகும். ஆய்வேட்டின் நடு அத்தியாயத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். போஸ்ட்டாக் பணம் சம்பளம் அல்ல, பெரும்பாலும் உதவித்தொகை என்பதையும் மறக்க வேண்டாம். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு என்று எதுவும் அதில் இருக்காது.

சின்ன விஷயங்கள், பெரிய இழப்பு

சான்றிதழ் நகல்களில், அசலைப் பார்த்து நகலை உறுதிசெய்யும் உறுதிமொழி ஆணையரின் முத்திரை வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்திலேயே காசில்லாமல் போட்டுத் தருவார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஒரே நகலை ஸ்கேன் செய்து ஆண்டு முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தால், காரணமே தெரியாமல் விண்ணப்பம் ஒதுங்கிப்போகும். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

பரிந்துரையாளர் மூவரைக் கேட்பார்கள். நெறியாளர், இணை நெறியாளர், அதே துறைத் தலைவர் என்று மூவரையும் ஒரே தாழ்வாரத்திலிருந்து கொடுக்காதீர்கள். நீங்கள் கற்பித்ததை நேரில் பார்த்த ஒருவர் இருக்கட்டும். ஆய்வேட்டைத் தேர்வு செய்துகொண்டிருப்பவர் இவராக இருக்கலாம் என்று ஊகித்து அவரிடம் பரிந்துரை கேட்பது மட்டும் கூடவே கூடாது. தேர்வின் நடுநிலையே கெட்டு, ஆய்வேடு புதிய தேர்வாளருக்குப் போக நேரலாம்.

நேர்காணலில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான் கேட்பார்கள், அதற்குத்தான் மதிப்பெண். ஆய்வேட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தயாராகி வருபவர்கள், "வீட்டில் இசிசூலு (சூலு மொழி) பேசும் மாணவர்கள் நிறைந்த பெரிய வகுப்பில் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவீர்கள்?" என்ற கேள்விக்குத் தடுமாறுகிறார்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இசிசூலு தெரியாத இளநிலை மாணவர்கள் அதை ஒரு பாடமாகப் படிக்க வேண்டும் என்று விதியே வந்தது. நீங்களும் அடிப்படையாவது கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பாடத்திலிருந்தே ஒரு கருத்தை எடுத்து, எப்படி விளக்குவீர்கள் என்று செய்தே காட்டுங்கள்.

வேலை கிடைத்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. ஆய்வேடு முடியாதவருக்கு வரும் நியமனக் கடிதத்தில் "இந்தத் தேதிக்குள் பட்டம் பெற வேண்டும்" என்ற நிபந்தனை இருக்கும். மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, புதிய பாடங்களைத் தயாரிப்பதில் முழுகி, திருத்தங்களைத் தள்ளிப்போடுவார்கள். கையெழுத்துக்கு முன் மனிதவளப் பிரிவிடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். அந்தத் தேதி தேர்வு முடிவைக் குறிக்கிறதா, பட்டமளிப்பு விழாவைக் குறிக்கிறதா? தேர்வாளர் தாமதித்தால் நீட்டிப்பு உண்டா? முதல் செமஸ்டரில் வகுப்புச் சுமையைக் குறைப்பார்களா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.