1895-இன் அன்னத்துக்குத் தட்டுப் பாவாடை கிடையாது: டூட்டூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலே ஆட்டத்தின் அடுக்குப் பாவாடை உடையான டூட்டூவைப் பற்றி எழுதவும் வரையவும் தைக்கவும் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அனுபவப்பட்டவர்கள் ஒரு காலத்தில் விழுந்து எழுந்ததும் அதே இடங்களில்தான். துணியை இரண்டு முறை அள, நூலின் நிறத்தைப் பார் என்பதையெல்லாம் தையல் சொல்லித்தருகிறவர் முதல் நாளே சொல்லிவிடுவார். அவை இங்கே வேண்டாம். டூட்டூவின் வரலாறு தெரியாததால் வரும் தவறுகள் வேறு வகை. துணியை வெட்டிய பிறகுதான் அவை கண்ணில் படும்.

பெரும்பாலானவற்றைத் தடுக்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பாவாடை எந்த அசைவைக் காட்டுவதற்காக இந்த நீளத்தில் நிற்கிறது? பாலேயில் காலின் வேலை கூடக் கூடத்தான் பாவாடை மேலே ஏறியிருக்கிறது.

எல்லாவற்றையும் டாக்லியோனியிடமிருந்து தொடங்குவது

1832 மார்ச் 12, பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' பாலே. ஆட்டக்காரர் மரீ டாக்லியோனி மணி வடிவ வெள்ளைப் பாவாடையில் மேடைக்கு வந்தார். அன்றுதான் டூட்டூ பிறந்தது என்று பலரும் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்பே மரீ கமார்கோ என்ற ஆட்டக்காரர் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார். எம்பிக் குதித்து, தரைக்கு வருவதற்குள் பாதங்களை முன்பின்னாக மாற்றி மாற்றி அடிக்கும் 'ஆந்த்ரஷா' அவருடைய பலம். தரையைக் கூட்டும் பாவாடைக்குள் அதை ஆடினால் யாருக்குத் தெரியும்? 1734-இல் லண்டனில் மரீ சாலே, பாவாடையை இருபுறமும் அகட்டி நிறுத்தும் சட்டத்தையே விட்டுவிட்டு மெல்லிய மஸ்லின் துணியில் ஆடினார்.

1832-இன் சாதனை, தனித்தனியாக இருந்தவற்றை ஒரே உடையில் சேர்த்தது. இறுக்கமான மேலுடை, அடுக்கடுக்கான மெல்லிய துணி, கெண்டைக்கால் நடுவில் நிற்கும் விளிம்பு, அதற்குக் கீழே நுனிக்காலில் நிற்கும் பாதம், இவற்றோடு காஸ் வெளிச்சம். பாரிஸ் ஓபராவுக்கு காஸ் விளக்கு வந்தது 1822-இல். 1831 நவம்பரில் 'ராபேர் லெ தியாப்ல்' ஓபராவில் கன்னியாஸ்திரிகளின் ஆவிகள் கல்லறையிலிருந்து எழுந்து வரும் வெள்ளைக் காட்சியை முன்னின்று ஆடியதும் டாக்லியோனிதான்.

தைப்பவர்களுக்கு அந்த காஸ் வெளிச்சம் முக்கியம். அது மஞ்சள் சாய்ந்த மங்கல் ஒளி. அதில் வெள்ளைத் துணி பாலாடை நிறத்தில் தெரியும். இன்றைய எல்இடி வெளிச்சத்தில் கடையில் வாங்கிய பளீர் வெள்ளை நெட் நீலம் பாய்ந்து, குளியலறை ஓடு போல மின்னும். தேயிலை டிகாஷனில் முக்கி நிறத்தை இறக்குங்கள். டிகாஷன் வெதுவெதுப்பாக ஆறியிருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க நைலானை முக்கினால் அதில் விழும் மடிப்பு பிறகு போகாது. ஒரு சாண் துண்டை முதலில் முக்கி, காய்ந்த பிறகு நிறத்தைப் பாருங்கள். ஈரத்தில் தெரிவதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. குழுவாக ஆடுபவர்களின் நீளப் பாவாடையை இடுப்பிலிருந்து அளக்காதீர்கள். தரையிலிருந்து அளங்கள். எல்லோருக்கும் தரையிலிருந்து 30 செ.மீ. என்று வைத்தால், உயரம் எப்படி மாறினாலும் வரிசை நின்றதும் விளிம்பு ஒரே கோடாக நிற்கும்.

'டூட்டூ' என்ற சொல்லை 1832-க்குத் தள்ளுவது

சொல் பிரெஞ்சில் பதிவானது 1881-இல். 'டூல்' என்ற வலைத் துணியிலிருந்து வந்தது என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு அகராதிகள் காட்டும் வேர், குழந்தைகளிடம் பின்புறத்தைச் சொல்லும் 'குகு' என்ற கொஞ்சுமொழி. டாக்லியோனி காலத்து வாக்கியத்துக்குள் இந்தச் சொல்லைப் பேச்சாக வைக்காதீர்கள்.

தட்டு டூட்டூவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோவது

அதிகப் பணமும் உழைப்பும் பாழாவது இங்கேதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறும் இதுதான்.

அன்னமாக மாற்றப்பட்ட இளவரசியின் கதையான 'ஸ்வான் லேக்' பாலே என்றதும் எல்லோர் மனத்திலும் ஒரே படம் வருகிறது: இடுப்பிலிருந்து தட்டு மாதிரி நேராக நீட்டி நிற்கும் வெள்ளைப் பாவாடை. இசைப்பெட்டிக்குள் சுழலும் பொம்மையிலிருந்து சுவரொட்டி வரைக்கும் அதுதான். அந்தப் பழக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு பாலே அமைப்பாளர் பெட்டிபாவின் பெயரைப் போட்டு 'பெட்டிபா காலத்து உடை' என்று தலைப்பிட்டு அதன் கீழே தட்டு டூட்டூவை வரைந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தை நம்பி இன்னொருவர் கத்தரியை எடுக்கிறார்.

மாஸ்கோவில் 'ஸ்வான் லேக்' முதலில் மேடையேறியது 1877-இல். இன்று உலகமெங்கும் ஆடப்படுவதற்கு அடிப்படையானது, பெட்டிபாவும் இவனோவும் 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் அமைத்தது. அதில் அன்ன அரசியாக ஆடியவர் மிலான் நகரத்தில் பயின்ற பியரீனா லென்யானி. அந்த உடையில் அவர் நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. பாவாடை முழங்காலை ஒட்டி இறங்குகிறது. கவிழ்த்த பூக்கூடை போல இடுப்பில் புடைத்து, விளிம்பை நோக்கிச் சரிகிறது. தட்டையான கோடு எங்கேயும் கிடையாது. ஃபுவெட்டே என்ற ஒற்றைக்கால் சுழற்சியை 32 முறை சுற்றியது அந்தப் பாவாடையில்தான்.

அந்த நீளத்துக்கும் காரணம் கால்தான். இத்தாலியப் பயிற்சியில் வந்தவர்கள் கெட்டியான நுனிக் காலணியில் நின்று ஒற்றைக்காலில் பல சுற்று சுற்றினார்கள். முழங்கால் எப்போது மடங்குகிறது, எப்போது நீள்கிறது என்பது தெரிந்தால்தான் அந்தத் திறமை அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். 1885-இல் பீட்டர்ஸ்பர்க் வந்த விர்ஜீனியா சூக்கி, அங்கே வழக்கமாக இருந்த நீளத்தை ஏற்காமல் குட்டைப் பாவாடையில்தான் ஆடினார். அன்றைக்குக் குட்டை என்றால் அவ்வளவுதான். இடுப்பு மூட்டு வரை காலைத் திறந்து காட்டுவது அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டிருந்தாலும் துணி ஒத்துழைத்திருக்காது. அன்றைய அடுக்குகள் டார்லட்டன், அதாவது இடைவெளி விட்டு நெய்து கஞ்சி ஏற்றிய பருத்தி. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திச் சேலை சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். மேடையில் வியர்வை பட்ட டார்லட்டனுக்கும் அதே கதிதான். இடுப்பருகே முதலில் துவளும். அங்கே துவண்டதும் விளிம்பு முழுதும் தொங்கிப்போகும். 40 செ.மீ. நீளத்துக்குக் கிடைமட்டமாக நிற்கும் வலு அந்த இழையில் இல்லை. எஃகு வளையம் வைத்த வடிவம் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல வந்தது. நைலான் நெட் உலகப்போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தபோதுதான் விறைப்பு நிலைத்தது. நைலானுக்குக் கஞ்சி தேவையில்லை. ஈரம் பட்டாலும் இழை தளராது.

இனி தையலில் இது செய்யும் நாசத்தைப் பாருங்கள். தட்டு டூட்டூவும் 1895-இன் மணி வடிவப் பாவாடையும் ஒரே உடையின் இரண்டு நீளங்கள் கிடையாது, கட்டுமானமே வேறு.

தட்டு டூட்டூவில் அடுக்குகள் நிக்கரின் மேலேயே தைக்கப்படும். மேலடுக்கு 38 செ.மீ., ஒவ்வொரு அடுக்குக்கும் 3 செ.மீ. குறைத்துக்கொண்டே போனால் 12-ஆவது அடுக்கு கால் ஓரத்தில் வெறும் 5 செ.மீ. ஃப்ரில். மேலடுக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 மீட்டர் நெட், 92 செ.மீ. சுற்றளவுக்குள் சுருக்கி அடக்கப்படும். தைப்பது கீழிருந்து மேலே. மேலிருந்து தொடங்கினால் அடுத்த அடுக்குக்கு மிஷினின் காலை நுழைக்க இடமே இருக்காது. மேலிருந்து நான்காவது அடுக்கில் வளையத்துக்கான குழாய். இடுப்பிலிருந்து 25 செ.மீ. தள்ளி அது அமைந்தால் வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.5 மீட்டர் வரும். வளையம் ஒரு கை அகலம் சிறியதானால் பாவாடை குடை மாதிரி கவியும். பெரியதானால் எண்ணெயில் போட்ட அப்பளம் போல நெளியும். கடைசியில் அடுக்குகளை ஒன்றோடொன்று தளர்வான நூல் கண்ணிகளால் பிணைக்க வேண்டும். கண்ணியை இறுக்கிவிட்டால் அந்த இடத்தில் குழி விழுந்து, மேலிருந்து பார்க்கும்போது பூசணிக்காய் மாதிரி பள்ளமும் மேடுமாகத் தெரியும்.

1890-களின் மணி வடிவத்தில் இவற்றில் எதுவும் இல்லை. வளையம் இல்லை. சராசரி உயரமுள்ளவருக்கு மேலடுக்கு 50 முதல் 55 செ.மீ. இருக்க வேண்டும். கீழடுக்குகள் சற்றே குட்டையாக, சற்றே விறைப்பாக இருந்து மேலடுக்கைத் தாங்க வேண்டும். பருத்தி ஆர்கண்டி கீழே, மென்மையான டூல் மேலே என்று வைத்தால் அந்தச் சரிவு வரும். அடுக்குகளைக் கண்ணி போட்டுப் பிணைக்கக் கூடாது; அசையும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 12 அடுக்கு தட்டு டூட்டூ தைத்து முடித்த பிறகு ஒத்திகையில் 'இது 1895 மாதிரி இல்லையே' என்று யாராவது சொன்னால் திருத்த வழியில்லை. இருக்கும் மிக நீளமான துண்டே 38 செ.மீ.தான். வளையத்தை உருவி எடுத்தால் மணி வடிவம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைப்பது இரண்டும் கெட்டான்: கீழே இருக்கும் விறைத்த குட்டை ஃப்ரில்கள் மேலடுக்கை முட்டித் தள்ள, விளிம்பு மட்டும் சோர்ந்து தொங்கும். தையலைப் பிரித்தால் சுருக்கம் இருந்த இடமெல்லாம் நெட் கிழிந்திருக்கும். எல்லாத் துணியும் குப்பைக்குத்தான்.

நஷ்டம் தையலோடு நிற்பதில்லை, ஆட்டமும் மாறிவிடும். தட்டு டூட்டூவில் துணை ஆட்டக்காரர் அந்த அகலத்துக்கு விலகி நின்று, கையை நீட்டி இடுப்பைப் பிடிக்க வேண்டும். மணிப் பாவாடை அவர் உடம்போடு மடங்கிக் கொடுக்கும், நெருங்கி நிற்கலாம். மரீன்ஸ்கி குழு 1999-இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை 1890-ஆம் ஆண்டு வடிவத்துக்கு மீட்டெடுத்தபோது, ஹார்வர்டில் இருக்கும் பழைய ஆட்டக் குறிப்புகளோடு பழைய உடை வரைபடங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அசைவையும் துணியையும் பிரித்து மீட்க முடியாது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெட்டுவதற்கு முன் இவ்வளவு செய்யுங்கள்: எந்த ஆண்டு அரங்கேற்றம் என்று முடிவு செய்து, அந்த ஆண்டின் புகைப்படத்தை எடுத்து, விளிம்பு முழங்காலுக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிகழ்ச்சி இன்றைய அமைப்பு என்றால் தட்டு டூட்டூ தாராளமாகப் பொருந்தும். அதன் மேல் 1895 என்று எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

தீயைப் பழங்கதையாக நினைப்பது

எமா லிவ்ரி டாக்லியோனியிடம் பயின்றவர். 1860-இல் டாக்லியோனி அவருக்காகவே 'பட்டாம்பூச்சி' என்ற பாலேயை அமைத்தார்; அதில் நாயகியின் சிறகு தீப்பந்தத்தில் கருகும். இரண்டு ஆண்டு கழித்து, 1862 நவம்பர் 15 அன்று, ஓபரா ஒத்திகையில் உட்காரப் போகும்போது பாவாடை கசங்காமலிருக்க லிவ்ரி அதை உதறித் தூக்கினார். அந்தக் காற்றில் காஸ் சுடர் துணிக்குத் தாவியது. எட்டு மாதம் துடித்து, 1863 ஜூலையில் இறந்தார். வயது 20.

துணியில் தீப்பிடிக்காமல் தடுக்கும் கரைசல் அப்போதே இருந்தது. துணியை விறைக்கவைத்து நிறத்தை மங்கச் செய்கிறது என்பதால் லிவ்ரி அதை மறுத்திருந்தார். கருகி மிஞ்சிய துண்டுகளைப் பாரிஸ் ஓபரா அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது.

நைலான் காலத்தில் ஆபத்து உருமாறியிருக்கிறது. நைலான் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆர்கண்டி போன்ற மெல்லிய பருத்தியோ பழைய டார்லட்டன் மாதிரியே சட்டென்று பற்றும். மேடையில் குத்துவிளக்கோ மெழுகுவர்த்தியோ உண்டென்றால் தீத்தடுப்பு ஏற்றிய துணியை வாங்குங்கள். துவைத்தால் அந்தப் பூச்சு போய்விடுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு அடுக்குக்கு நடுவே காற்று நிறைந்திருக்கிறது, தீக்கு வேறெதுவும் தேவையில்லை.

டெகாவின் சிலையிலிருந்து அளவெடுப்பது

பிரெஞ்சு ஓவியர் டெகா 1881-இல் காட்சிக்கு வைத்த பதினான்கு வயதுச் சிறுமியின் மெழுகுச் சிலைக்குத் துணிப் பாவாடை உண்டு. இன்று நாம் பார்க்கும் வெண்கல வார்ப்புகளில் அந்தப் பாவாடையை அருங்காட்சியகங்கள் அவ்வப்போது மாற்றியிருக்கின்றன. நீளம் ஊருக்கு ஊர் வேறு.

பாவ்லோவாவை 'ஸ்வான் லேக்' என்று எழுதுவது

ரஷ்ய ஆட்டக்காரர் அன்னா பாவ்லோவாவின் புகழ்பெற்ற அன்னம், சேன்-சான்ஸ் இசைக்கு ஃபோக்கின் அமைத்த தனி ஆட்டம்.

கரின்ஸ்காவின் டூட்டூவுக்கு வளையம் வைப்பது

வைக்காதீர்கள். பாலே அமைப்பாளர் பாலன்ஷினின் 'சிம்பனி இன் சி'க்காக 1950-இல் உடை வடிவமைப்பாளர் கரின்ஸ்கா செய்த 'பவுடர் பஃப்' வடிவம் வளையத்தை ஒழிக்கவே பிறந்தது. மேடை நிறைய ஆட்டக்காரர்கள் வேகமாகக் குறுக்கே போகும்போது, வளையம் வைத்த பாவாடைகள் ஒன்றோடொன்று இடித்து மேலும் கீழுமாக ஆடும். ஆறேழு குட்டை அடுக்குகளை நெருக்கமாகச் சுருக்கி, கண்ணிகளை மிகத் தளர்வாக விட்டு, துணியைத் துணியே தாங்கும்படி அவர் செய்தார். விளிம்பு கூராக வராது. பஞ்சு மாதிரி சற்றே இறங்கும். அதுதான் சரியான தோற்றம். 'தொங்குகிறது' என்று கம்பி நுழைக்கும் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நேராக மாட்டி வைப்பது

தலைகீழாக மாட்டுங்கள். நிக்கரின் கால் ஓரங்களில் இரண்டு நாடா தைத்து, அதில் தொங்கவிடுங்கள். ஈரமாக இருந்தால் முதலில் உள்புறத்தை வெளியே திருப்பி மேலுடையை உலர்த்திவிடுங்கள். பருத்தி அடித்துணியில் தேங்கும் வியர்வைதான் கொக்கிகளைத் துருப்பிடிக்க வைக்கிறது.