கரிமூட்டத்துக்குப் போகிற கட்டையில் ஒரு ரீல் குமிழ்

தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலில் நம் கை ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கும் பாகம் கைப்பிடிக் குமிழ் ஒன்றுதான். ஆனால் விலை குறைந்த ரீல்களில் அதைத்தான் கடைசியாக யோசித்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவுக்கு வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் துண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கரையில் இரை கோத்த கையோடு, மீன் கொழுப்பும் உப்புநீருமாக அதைப் பிடித்துச் சுற்றும்போது ஒரு பாரை மீன் இழுத்தால் தெரியும் அதன் லட்சணம்.

எங்கள் சித்தப்பா கைத்தூண்டில்காரர். நரம்பை விரலில் ஓட்டியே பழகியவர். நான் ரீலோடு திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாயா?" என்றார். அன்றுதான் பெரிய குமிழ் ஒன்று செய்வது என்று முடிவெடுத்தேன். லேத் தேவையில்லை. ஒரு டிரில்லிங் மெஷின், கட்டையை இறுக்கிப் பிடிக்க வைஸ், ரம்பம், அரம், உப்புத்தாள், வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும்.

முதலில் பழையதைக் கழற்றுங்கள்

குமிழின் நுனியில் சிறிய மூடி இருக்கும். அதில் துளையோ கீறலோ தெரிந்தால் பழைய தூண்டில் முள்ளின் முனையை நுழைத்து நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு திருகு. பசை போட்டு இறுக்கியிருந்தால் சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் சில நொடி வைத்து எடுத்துவிட்டுத் திருப்புளியைப் போடுங்கள். திருகே இல்லாமல், குமிழ் சுற்றும் தண்டின் நுனியை அடித்துப் பரப்பியிருக்கும் ரீல்களும் உண்டு. முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

கழற்றிய வரிசையிலேயே பாகங்களை வெள்ளைத் துணியில் வையுங்கள். வெங்காயச் சருகு போல மெல்லிய வாஷர்கள் வரும். காற்றில் பறந்துவிடும், மணலில் விழுந்தால் போனதுதான்.

இனி மூன்று அளவுகள். தண்டின் விட்டம், பேரிங்கின் அளவு, குமிழுக்குள் இரண்டு பேரிங்குகளும் உட்காரும் படிகளுக்கு இடையிலான தூரம். பல ரீல்களில் தண்டு 4 மி.மீ.; பேரிங் வெளிவிட்டம் 7, உள்விட்டம் 4, தடிமன் 2.5 மி.மீ. உங்கள் ரீலை அளந்தே நம்புங்கள். பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் (குண்டுகள் இல்லாத வெறும் வளையம்) இருந்தால் அதே அளவில் பேரிங் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

மூன்றாவது அளவில்தான் எல்லாமே இருக்கிறது. பழைய குமிழின் மொத்த நீளத்திலிருந்து இரு பக்கப் பள்ளங்களின் ஆழத்தையும் கழித்தால் அது கிடைக்கும். புதுக் குமிழில் இந்தத் தூரம் கூடிவிட்டால் திருகு பேரிங்குகளை நெரிக்கும், குமிழ் சுற்றாது. குறைந்துவிட்டால் குமிழ் முன்னும் பின்னும் ஆடும். ஆட்டத்தை வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம், நெரிசலுக்கு அப்படி எளிய மருந்து இல்லை. ஆகவே 0.2 மி.மீ. குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம்?

இந்தப் பக்கம் எல்லாருக்கும் முதலில் பனைதான் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. கறுப்பு வரி ஓடிய வைரம், அதாவது மரத்தின் கெட்டிப் பகுதி, அழகுதான். ஆனால் குறுக்கே அறுத்தால் நார் நாராகப் பிரியும். உள்ளங்கையில் ஏறிய பனஞ்சிலாம்பை ஊசியால் எடுத்தவர்கள் மறுபடி அதைத் தொட மாட்டார்கள். பூவரசு நல்ல மரம், செதுக்க இலகு.

ஆனாலும் என் தேர்வு சீமைக்கருவேலம். கண்மாயெல்லாம் அடைத்துக்கொண்டதென்று நாம் திட்டுகிற, அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன அதே மரம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் கரிமூட்டத்துக்குப் போகிறது. இதன் வைரம் செம்பழுப்பு நிறம். கெட்டியானது, காயும்போது அதிகம் சுருங்காது. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படுகிற குமிழுக்கு வேறென்ன வேண்டும்? விறகுக்கடையில் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது "டங்" என்னும், ஈரமானது "தொப்" என்னும். வெளிப்பக்க வெளிர்மஞ்சள் பகுதியை வண்டு துளைக்கும். அதை அறுத்துத் தள்ளிவிட்டு வைரத்தில் மட்டும் 45 மி.மீ. சதுரமாக, 50 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு எடுங்கள். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும்.

துளை முதலில், வடிவம் பிறகு

என் முதல் குமிழை அழகாக உருட்டி, பளபளவென்று தேய்த்த பிறகு துளை போட்டேன். உருண்டையை வைஸ் பிடிக்கவில்லை, துளை கோணியது. ரீலில் மாட்டிச் சுற்றினால் அச்சு முறிந்த வண்டிச் சக்கரம் போல ஆடியது. சதுரமாக இருக்கும்போதே துளையிடுங்கள். ஸ்டாண்டில் பொருத்திய டிரில் இல்லையென்றால் அது இருக்கும் பட்டறையில் கொடுத்து இந்த ஒரு வேலையை மட்டும் செய்து வாங்குவது புத்திசாலித்தனம்.

மையம் குறித்து, 5 மி.மீ. பிட்டால் முழுக்க ஊடுருவத் துளையிடுங்கள். அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டாவிட்டால் மரம் கருகும். பிறகு 7 மி.மீ. பிட்டால் இரு முனைகளிலும் பேரிங் உட்காரும் பள்ளம். ரீல் பக்கம் பேரிங்கின் தடிமன் அளவு ஆழம். மூடி வரும் பக்கம் திருகின் தலைக்கும் மூடிக்கும் சேர்த்து இன்னும் ஆழம். குமிழ் பழையதைவிட நீளமானால் இந்தப் பக்கத்து ஆழம்தான் கூடும். படிகளுக்கு இடையிலான தூரம் மாறக்கூடாது.

பிட்டின் முனை பள்ளத்தின் அடியில் கூம்பாக ஒரு சரிவை விட்டுச்செல்லும். அதைக் குறையென்று நினைக்க வேண்டாம். பேரிங்கின் வெளிவளையம் மட்டும் அதன் விளிம்பில் உட்காரும். சுற்ற வேண்டிய உள்வளையம் மரத்தில் உரசாது. ஆனால் ஆழத்தைக் கூம்பின் நுனியிலிருந்து அளக்காமல், நேர்ச்சுவர் முடிகிற இடம் வரைக்கும் அளங்கள். கழிவுத் துண்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உருட்டுவது

மூலைகளை ரம்பத்தால் அறுத்து எண்கோணமாக்குங்கள். 5 மி.மீ. போல்ட்டைத் துளையில் செருகி, இருபுறமும் வாஷர் வைத்து நட்டால் இறுக்கி, போல்ட்டின் வாலை டிரில்லில் பிடித்து, டிரில்லை வைஸில் படுக்கவையுங்கள். இதுதான் நம் லேத். சுற்றும் கட்டையில் முதலில் முரட்டு அரம், பிறகு 80, 120, 240, 400 என்று உப்புத்தாள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். கையுறை, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் கூடாது. சுற்றும் போல்ட் இழுத்துக்கொள்ளும்.

விட்டம் 35 மி.மீ. அளவில் நிறுத்தினால் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக இருக்கும். முழு உருண்டை வேண்டாம். ரீல் பக்கம் ஒடுங்கி, உள்ளங்கைப் பக்கம் பருத்து, பம்பரம் போல வரட்டும். 120ஆம் எண் தாளோடு ஒருமுறை நிறுத்தி, கையில் சோப்பு நுரை பூசிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். எங்கே வழுக்குகிறதோ அங்கே விரல் அடங்க அரை வட்ட அரத்தால் ஒரு பள்ளம் இழுத்து, நன்றாகக் காயவிட்டு மேலே தொடருங்கள்.

பவளத்துண்டு பதித்தால் அழகாக இருக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் கிடக்கும் துண்டானாலும் எடுக்காதீர்கள்.

எண்ணெயும் பொருத்துதலும்

தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுக்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும், வேகவைத்த ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். பேரிங் பள்ளத்தின் சுவரில் சூப்பர் குளூவை மெல்லத் தடவி ஓரிரவு விட்டால் நீர் இறங்காது. பள்ளம் சற்றுத் தளர்வாக இருந்தாலும் இறுகிவிடும். பசை முழுதும் காய்ந்த பிறகே பேரிங். நான் அவசரப்பட்டு ஒரு பேரிங்கை நிரந்தரமாக ஒட்டிவைத்திருக்கிறேன்.

பேரிங்கில் நீர் புகாத கிரீஸ் போதுமான அளவு வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். இறங்கவில்லையென்றால் சுத்தியலை எடுக்காமல், உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிப் பள்ளத்தைச் சற்றுத் தேயுங்கள். தண்டில் வாஷர், குமிழ், வாஷர், திருகு. இறுக்கிய பின் ஒரு தட்டுத் தட்டினால் குமிழ் தயங்காமல் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் அசைந்தால் 0.1 மி.மீ. வாஷர் ஒன்று சேருங்கள். எல்லாம் சரியென்றால் திருகைக் கழற்றி, மரையில் ஒரு சொட்டு திருகுப் பசை வைத்து மீண்டும் இறுக்கி மூடியைப் போடுங்கள்.

கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் குமிழைத் துடையுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள்ளேயே போய்ச் சேரும். என்னுடையது இரண்டு பருவம் பார்த்துவிட்டது. சித்தப்பா இப்போது கிணற்றைப் பற்றிப் பேசுவதில்லை. மீன் வராத நேரங்களில் குமிழை விரலால் சுண்டிவிட்டு, நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.