சிறுநீர்ப்பை வலிக்குப் போட்டாக்ஸ் ஊசி: தேதி குறிப்பதற்கு முன்னும் பின்னும்

சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப வலி ஏறும். கழித்ததும் சற்றுத் தணியும். யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி எதுவும் வராது. மாதக்கணக்கில் இப்படியே போனால், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்தபின் இதைச் சிறுநீர்ப்பை வலி நோய் என்பார்கள். இதற்குப் போட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் நச்சு மருந்து) எடுத்த எடுப்பில் போடும் மருந்து அல்ல. வலியைக் கிளப்பும் உணவை விலக்குவது, இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி (தசையை இறுக்கும் கீகல் பயிற்சி இங்கே பெரும்பாலும் வலியைக் கூட்டும்), இரவில் 10 மி.கி. அளவில் தொடங்கும் அமிட்ரிப்டிலின் (நரம்பு வலியைத் தணிக்கும் மாத்திரை), சிறுநீர்ப்பைக்குள் மருந்து செலுத்துவது ஆகியவை போதாதபோதுதான் இதன் முறை வரும்.

ஊசியை ஒப்புக்கொள்ளும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சில வாரங்களுக்கு நீங்களே கதீட்டர் (சிறுநீர்த் துளை வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டிவந்தால், அதற்குத் தயாரா? அமெரிக்க யூரோலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும் இந்த நிபந்தனையோடுதான் போட்டாக்ஸைச் சொல்கிறது. 'மாட்டேன்' என்பது பதிலானால் இப்போதைக்கு வேண்டாம். 'சரி' என்றால், ஊசிக்கு முன்பே நர்ஸிடம் ஒருமுறை போட்டுப் பழகுங்கள். நிரம்பி வலிக்கும் சிறுநீர்ப்பையோடு நள்ளிரவில் கற்றுக்கொள்வது கொடுமை.

வேறு காரணங்களைத் தேடாமல் ஊசிக்குப் போகக் கூடாது. சிறுநீரில் ரத்தம் இருந்தால் புற்றுநோய் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். சீழ்ச் செல்கள் இருந்தும் சாதாரண கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால் காசநோய்ப் பரிசோதனை தேவை. நம் நாட்டில் இதைத் தவறவிடுவது பெரிய பிழை. சிஸ்டோஸ்கோப்பியில் (குழாய்க் கேமராவால் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது) ஹன்னர் புண் (இந்த நோயில் சிலருக்குப் பையின் சுவரில் வரும் அழற்சிப் புண்) தெரிந்தால் அதைக் கருக்குவதோ அதில் ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவதோதான் முதல் வழி. தழும்பேறிச் சுருங்கிய பையைப் போட்டாக்ஸ் விரிக்காது. மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய், கர்ப்பம், தாய்ப்பால் இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி நாளுக்குச் சில நாள் முன்பு கல்ச்சர் எடுக்க வேண்டும். கிருமித்தொற்று இருந்தால் தேதி தள்ளிப்போகும். சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்த்து அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் உதவும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எப்போது நிறுத்துவதென்று இதய மருத்துவரையும் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் முன்னும் பின்னும் சில நாள் உண்டு. ஜென்டாமைசின் வகை போட்டாக்ஸின் வேலையைக் கூட்டக்கூடியது என்பதால் அதைத் தவிர்ப்பார்கள்.

வலிக்கு வழக்கமான அளவு 100 யூனிட். 200 யூனிட் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீர் தங்கும் தொல்லை கூடியதால் அளவு இறங்கியது. 100 யூனிட் வயலில் (மருந்துக் குப்பியில்) ப்ரிசர்வேட்டிவ் இல்லாத 0.9% சலைன் (உப்புநீர்) 10 மி.லி. விட்டு மெல்லச் சுழற்றிக் கரைப்பார்கள். குலுக்கி நுரைக்க விடக் கூடாது. வயலுக்குள் வெற்றிடம் இருக்கும். அது சலைனைத் தானாக இழுக்காவிட்டால் அந்த வயலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கரைத்ததை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

சிறுநீர்ப்பைக்குள் லிக்னோகெயின் விட்டு மரத்துப்போகச் செய்தோ, மயக்கம் கொடுத்தோ போடுவார்கள். வலி நோயாளிகளுக்குப் பெரும்பாலும் மயக்கமே நல்லது. அப்போதே பையை நீரால் விரித்தும் பார்க்கலாம். ஊசி இறங்கும்போது பையில் சலைன் அளவோடு இருக்க வேண்டும். அதிகம் நிரப்பினால் சுவர் மெலிந்து ஊசி மறுபக்கம் போய்விடும். குறைத்தால் மடிப்புகள் மறைக்கும். வழக்கமாக 20 இடங்களில், ஒரு செ.மீ. இடைவெளியில், இடத்துக்கு 0.5 மி.லி., 2 மி.மீ. ஆழத்தில் போடுவார்கள். கடைசி ஊசியில் சிறிது சலைன் தள்ளினால்தான் ஊசிக்குள் தங்கிய மருந்தும் சேரும். பையின் அடியிலுள்ள முக்கோணப் பகுதியைச் சிலர் விட்டுவிடுவார்கள். வலி நரம்புகள் அங்கே அடர்ந்திருப்பதால், அங்கே மட்டும் 10 இடங்களில் 10 யூனிட் வீதம் போடுகிறவர்களும் உண்டு. உங்கள் மருத்துவர் எந்த வழி என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன் ஒருமுறை சிறுநீர் கழித்துக் காட்ட வேண்டும். ஓரிரு நாள் இளஞ்சிவப்பாகப் போவது சகஜம். பலன் உடனே வராது, இரண்டு வாரம் வரை பொறுங்கள். அதே இரண்டு வாரத்துக்குள் மிச்ச அளவை மீண்டும் பார்க்க வேண்டும். 200 மி.லி.க்கு மேல் தங்கினாலோ, முக்கியும் சொட்டுச் சொட்டாகவே வந்தாலோ கதீட்டர் தேவைப்படலாம். 12 அல்லது 14 பிரெஞ்ச் (குழாயின் பருமனைச் சொல்லும் அலகு) அளவு பெரும்பாலானோருக்குப் போதும். காய்ச்சலும் எரிச்சலும் வந்தால் கல்ச்சர் கொடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், கண்ணிமை தொங்கல் தெரிந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பலன் மாதங்களில் தேயும். மீண்டும் போட 12 வாரமாவது இடைவெளி வேண்டும். முகத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். எந்த பிராண்ட், எத்தனை யூனிட், எந்தத் தேதி என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்: டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்டின் ஒரு யூனிட்டும் போட்டாக்ஸின் ஒரு யூனிட்டும் ஒன்றல்ல.