உப்புநீர் மீன்தொட்டியில் நைட்ரேட் ஏறுகிறதா? பாசியை வளர்த்துப் பிய்த்துப் போடுங்கள்

மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கொண்டே போனால், சம்ப்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த, தண்ணீரைச் சுத்தம் செய்யும் சின்னத் தொட்டி) ஒரு கைப்பிடி கீட்டோமார்ஃபா பாசியைப் போட்டு, மேலே நல்ல வெளிச்சமான எல்இடி விளக்கை மாட்டுங்கள். சிக்குப்பட்ட நூல்கண்டு மாதிரி இருக்கும், மண் வேண்டாம். பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு இதை எரியவிட்டால், இரவில் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்குவதும் குறையும்.

வளர்ப்பதைவிட அறுவடைதான் முக்கியம். உறிஞ்சிய சத்து பாசியின் உடம்பிலேயே இருக்கிறது. பந்து பெருத்ததும் பாதியைப் பிய்த்துக் குப்பையில் போட்டால்தான் அது தொட்டியை விட்டுப் போகும். சோம்பேறித்தனமாக விட்டால், வெளிச்சம் படாத நடுப்பகுதி அழுகி, எடுத்ததைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

காலெர்ப்பா என்ற இன்னொரு பாசி பார்க்க அழகுதான். ஆனால் திடீரென இனப்பெருக்கத்துக்குப் போய், ஒரே இரவில் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். எனக்கு அது வேண்டாம். அப்புறம், பவளம் வைத்திருப்பவர்கள் நைட்ரேட்டைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள், பவளத்துக்கும் அது கொஞ்சம் தேவை.