பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: வீட்டிலேயே படப்பலகை செய்து பழக்கும் முறை

என் தங்கை மகனுக்கு நாலு வயது முடியும்வரை "அம்மா" என்ற சொல்கூட வரவில்லை. பசித்தால் கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்படியில் நிறுத்துவான். எந்த டப்பா என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தப்பான டப்பாவைத் தொட்டால் தரையில் தலையை மோதிக்கொள்வான். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவே சொன்னது ஒன்றுதான்: "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். அவங்க அய்யாவும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு." நாங்கள் காட்டிய மருத்துவர் ஒருவரும் அதையே சொல்லி அனுப்பினார். அப்படியே இரண்டு வருடம் போய்விட்டது. வேறு எந்த வீட்டிலும் அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படப்பலகை என்பது பெரிய விஷயம் இல்லை. பேசாத பிள்ளை தனக்கு வேண்டியதை ஒரு பட அட்டையை எடுத்து நம் கையில் கொடுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். எங்களுக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது.

படி 1: பலகைக்கு முன்னால் காது

இதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகாதீர்கள். கதவு தட்டினால் திரும்புகிறான், பட்டாசு வெடித்தால் அழுகிறான், அதனால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. தடித்த சத்தம் கேட்டு, ச, ஸ போன்ற மெல்லிய ஒலி மட்டும் கேட்காத பிள்ளைகள் உண்டு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். சின்னப் பிள்ளையைத் தூங்கவைத்துக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒலியைக் கேட்கவைக்கும் காக்ளியர் கருவியை அறுவை செய்து வைக்க 6 வயது வரம்பு உண்டு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

எப்போது போவது என்று கேட்டால்: ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாவிட்டால், இரண்டு வயதில் "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேராவிட்டால் போங்கள். முன்பு சொன்ன சொற்கள் எந்த வயதில் மறைந்துபோனாலும் அந்த வாரமே போங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அந்தத் தேதியை அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வயது என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள்.

எங்கள் பக்கம் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவார்கள். அப்பத்தா மனது நோகக்கூடாதென்று நாங்களும் தடவினோம். பிள்ளைக்குப் பேச்சே வராததற்கு நாக்கு காரணமாக இருப்பது மிக அபூர்வம், வசம்பு வயிற்றுக்குள் போவதும் நல்லதில்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதாவுக்கோ நேர்ந்துகொள்வதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போகிற வழியில் காதையும் காட்டிவிட்டுப் போங்கள்.

படி 2: மூன்று நாள், ஒரு நோட்டு

அட்டை செய்ய உடனே உட்காராதீர்கள். மூன்று நாள் பிள்ளையைப் பாருங்கள். எதற்காகக் கையை இழுக்கிறான், எதற்காக அழுகிறான், எதைக் கண்டால் குதிக்கிறான், எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் நோட்டில் விழுந்தவை: மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸ் துண்டு, பொரித்த சூடை மீன், அப்பாவின் பைக், கடல் தண்ணீரில் கால் நனைப்பது, நுங்கு. கடைசியாக ரயில்.

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் அவன் அப்பா பைக்கில் பாம்பன் ரோட்டுப் பாலத்துக்குக் கூட்டிப்போவார். கீழே பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஓர் அழுகை ஆரம்பிக்கும். வயிற்றுவலி என்று ஓம வாட்டர் கொடுத்தோம், கண்ணேறு என்று சுற்றிப் போட்டோம். நோட்டில் மணியை எழுதிப் பார்த்தபோதுதான் அது ரயிலுக்கான அழுகை என்று எங்களுக்குப் பிடிபட்டது. நாலு மாதம் அவன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

படி 3: எந்தச் சொற்கள்

ஆறு முதல் எட்டு அட்டை போதும். கடையில் விற்கும் பழங்கள், விலங்குகள் சார்ட்டை வாங்க வேண்டாம். ஆப்பிளே சாப்பிடாத பிள்ளை ஆப்பிள் படத்தைக் கொடுத்து என்ன கேட்கும்? வீட்டில் இருக்கும் அதே டம்ளர், அதே பைக், அதே மீன்சட்டி. பின்னால் வெள்ளை வேட்டியை விரித்து, பொருள் ஒன்று மட்டும் தெரியும்படி போனில் படம் எடுங்கள்.

பொருள் அட்டைகளில் நாலைந்தோடு நிறுத்திக்கொண்டு, இவற்றைக் கட்டாயம் சேருங்கள்: இன்னும், வேண்டாம், திறந்து தா. பொருளை மட்டும் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மறுக்கத் தெரியாவிட்டால் பழையபடி தலையைத்தான் மோதும். "வேண்டாம்" அட்டைக்கு அவன் அம்மா கையைக் குறுக்கே ஆட்டும் படத்தையே வைத்தோம்.

படி 4: அட்டை செய்வது

படங்களை 5 செ.மீ. சதுரமாகப் பிரிண்ட் எடுங்கள். சொல்லைப் படத்துக்கு மேலே பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கீழே எழுதினால் விரல் மறைத்துவிடும். லேமினேட் செய்து வெட்டும்போது படத்தைச் சுற்றி அரை விரல்கடை பிளாஸ்டிக் ஓரம் விடுங்கள். ஒட்ட வெட்டினால் நம் உப்புக்காற்றில் பத்தே நாளில் பிரிந்துவிடும், முதல் செட் எங்களுக்கு அப்படித்தான் போனது. முனைகளை வட்டமாக நறுக்குங்கள், கண்ணில் குத்தும். அட்டைக்குப் பின்னால் வெல்க்ரோவின் மெத்துப் பக்கம், பலகையில் சொரசொரப்புப் பக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி. பலகைக்குப் பரீட்சை அட்டை போதும். பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். எட்டாத உயரத்தில் மாட்டினால் அவனைப் பொறுத்தவரை அது இல்லாத மாதிரிதான். இன்னொரு செட் செய்து அலமாரியில் வைத்துவிடுங்கள், தொலையும்.

படி 5: கொடுக்கப் பழக்குவது

1985-ல் அமெரிக்காவின் டெலவரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய, படத்தைக் கொடுத்துப் பேசும் பெக்ஸ் முறையின் முதல் படி இது. இரண்டு பெரியவர்கள் வேண்டும். நாங்கள் தொடங்கியது 2023 மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அவன் அப்பா வீட்டில் இருந்தார். நுங்கும் அப்போதுதான் வரும். வருமானம் இல்லாத மாதங்கள்தான், ஆனால் அப்பா கையில் இருக்கும் மாதங்கள். விசைப்படகுக்குப் போகும் வீடுகளுக்கு இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் எதிரே நுங்கை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் நுங்கு அட்டை ஒன்று மட்டும். இன்னொருவர் பிள்ளைக்குப் பின்னால். பிள்ளை நுங்கை எட்டும்போது, பின்னால் இருப்பவர் ஒரு வார்த்தை பேசாமல் அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோய், அதை எடுக்கவைத்து, எதிரே இருப்பவர் உள்ளங்கையில் வைக்கச் செய்ய வேண்டும். அட்டை கையில் விழுந்த அதே நொடி "நுங்கு!" என்று சொல்லி ஒரு சின்னத் துண்டைக் கொடுங்கள். முழுச் சுளையையும் கொடுத்தால் ஒரே தடவையோடு ஆசை தீர்ந்துவிடும்.

"என்ன வேணும்? சொல்லு, சொல்லு" என்று கேட்கவே கூடாது. கேட்டுக் கேட்டுப் பழக்கினால், நாம் கேட்கும்வரை அவன் காத்திருப்பான். அவனாகத் தொடங்க வேண்டும். நாள் போகப் போகப் பின்னால் இருப்பவர் உதவியைக் குறையுங்கள்: முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தொடவே வேண்டாம். எங்களுக்குப் பதினோராம் நாள் அவனாகவே அட்டையைக் கொண்டுவந்து, தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் நெஞ்சில் வைத்தான்.

படி 6: நாமும் பலகையில் பேசுவது

இதைத்தான் பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை மட்டும் அட்டையைத் தொட வேண்டும், நாம் வாயால் பேசுவோம் என்றால் அந்த மொழியை அவன் யாரிடம் கற்பான்? பைக் கிளம்பும்போது "பைக்" அட்டையைத் தொட்டுக்கொண்டே "பைக்ல போறோம்" என்று சொல்லுங்கள். அவனிடம் "இது என்ன? இது என்ன?" என்று பரீட்சை வைக்காமல், நீங்கள் தொட்டுப் பேசிக்கொண்டே இருங்கள்.

பேசிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்பத்தாக்களுக்கு இது ரொம்பச் சிரமம். எங்கள் அப்பத்தா அவன் முகம் வாடும் முன்பே தண்ணீரை நீட்டிவிடுவார். கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்துவிட்டால் கேட்க என்ன இருக்கிறது? "அப்பத்தா, அவன் கேக்கட்டும், பத்து எண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லி, ஒரு வாரத்தில் அவரே "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

வீட்டில் எந்தத் தமிழ் பேசுகிறீர்களோ அதையே பேசுங்கள். இங்கிலீஷில் பேசினால்தான் பள்ளிக்கூடத்தில் ஒட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவது இல்லை. ஆனால் உங்களுக்கே சரளம் இல்லாத மொழியில் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு சுருங்கிப்போகும்.

படி 7: "வேண்டாம்" என்றால் வேண்டாம்

"வேண்டாம்" அட்டையை அவன் கொடுத்த பிறகும் சோற்றை ஊட்டினால் அடுத்த நாள் அந்த அட்டையைத் தூக்கிப்போடுவான். பழக்கும் முதல் மாதமாவது அந்த அட்டைக்கு மதிப்புக் கொடுங்கள். மருந்து, ஊசி மாதிரி விடவே முடியாதவற்றுக்கு, "வேண்டாம்னு சொல்ற, எனக்குக் கேட்டுச்சு. இது குடிச்சே ஆகணும்" என்று அட்டையைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் பெரிய தப்பு இங்கேதான். பலகையில் ரயில் படத்தையும் ஒட்டிவிட்டோம். அவன் அதைக் கொடுத்தான், கொடுக்க எங்களிடம் ரயில் இல்லை. தொடங்கும்போது உடனே கொடுக்க முடிந்தவற்றை மட்டுமே வையுங்கள். ஆனால் ஒருமுறை வைத்த சொல்லை அவனிடமிருந்து பிடுங்கவும் மனம் வரவில்லை. சிறப்பாசிரியர் ஒரு வழி சொன்னார்: "இல்லை" என்று ஓர் அட்டை, விரித்த வெறும் கை படத்தோடு. ரயில் அட்டைக்குப் பக்கத்தில் அதை ஒட்டி "ரயில் இல்லை" என்று காட்டினோம். முதல் சில நாள் அழுதான். பிறகு அவனே இரண்டையும் சேர்த்து ஒட்டி எங்களைப் பார்ப்பான். நாங்கள் "ஆமாப்பா, ரயில் இல்ல" என்போம். ஆறு மணி அழுகை அத்தோடு நின்றது. அவன் சேர்த்த முதல் இரண்டு சொல் அதுதான்.

எல்லோரும் கேட்பது

"படத்தையே பழகிட்டா பேச்சு வராமலே போயிடாதா?" போகாது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் இப்படிப்பட்ட முறைகளில் பழகிய 27 பேரை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. பெரிய அளவில் என்று சொல்லமாட்டேன், கொஞ்சம்தான். எங்கள் பையனுக்கும் ஆறு வயதில் "மா", "இன்னு" என்று சில சொற்கள் வந்தன. இன்றும் பலகைதான் அவனுக்கு முதல் வாய்.

பதின்வயதுப் பிள்ளை என்றால் இந்தச் சின்னப்பிள்ளை அட்டையை நாலு பேர் முன்னால் நீட்டச் சொல்லாதீர்கள், கூசிப்போவார்கள். சென்னையில் உருவான அவாஸ் என்ற செயலி தமிழிலும் பேசும், படத்தைத் தொட்டால் குரல் வரும். நண்பர்களோடு பேச வேண்டிய சொற்களை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் தள்ளிப்போடாதீர்கள். 2016 சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, பேச்சு மொழிக் குறைபாடும் உண்டு.

2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தார்கள். அந்த வாரம் அவன் அப்பா ரோட்டுப் பாலத்தில் பைக்கை நிறுத்தினார். பலகை அவன் கழுத்தில் தொங்கியது. ரயில் கடந்து போனதும் அவன் "இல்லை" அட்டையைப் பிய்த்து அப்பா சட்டைப்பையில் போட்டுவிட்டு, ரயிலுக்குப் பக்கத்தில் "இன்னும்" அட்டையை ஒட்டினான்.