விட்டுப்போன 140

"கை எரியுது கண்ணு" என்றார், ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து வந்திருந்த பாட்டி. ஊசி குத்திய இடத்துக்கு மேலே நரம்பு கயிறு போலத் தடித்துச் சிவந்திருந்தது. நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட். நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்த சத்துக் கரைசலை நிறுத்தச் சொல்லிவிட்டு என் கணக்குத் தாளை எடுத்தேன்.

1 லிட்டர் பையில் அமினோ அமிலம் 35 கிராம். கிராமுக்கு 10 வீதம் 350. டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) 100 கிராம். கிராமுக்கு 5 வீதம் 500. ஆக 850 மில்லிஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் அளவு; மிஞ்சினால் நரம்பு எரியும்). கை நரம்பு வழியாக ஏற்ற, லிட்டருக்கு 900 என்பதுதான் வழக்கமான வரம்பு (ரத்தமே 290 பக்கம்தான்). சரியாகத்தானே இருக்கிறது?

அப்புறம்தான் உறைத்தது. உப்புகளைச் சேர்க்கவே இல்லை! சோடியம் குளோரைடு 40, பொட்டாசியம் குளோரைடு 30 மில்லிஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு). கரைந்ததும் குளோரைடு தனியாகப் பிரிந்துவிடும், அதனால் 70 என்பது 140. மொத்தம் 990.

டாக்டரிடம் சொன்னேன். கழுத்து லைன் (கழுத்தின் பெரிய நரம்பில் போடும் குழாய்) வேண்டாம் என்றார். டெக்ஸ்ட்ரோஸை 75 கிராமாகக் குறைத்தோம்: 865. குறைந்த கலோரிக்கு ஈடாக லிப்பிட் (கொழுப்புக் கரைசல்). மறு கையில் புது ஊசி. என் எக்செல் தாளில் உப்புக் கட்டம் காலியாக இருந்தால் இப்போது விடையே வராது.